வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் வேலை கிடைக்குமா? படிப்புக்கு ஏற்ற வேலை எது என்று அங்கே சொல்லும் தொழில்நெறி வழிகாட்டலால் உண்மையில் பயன் உண்டா?

எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் பதிந்து வைத்ததால் இல்லை, நேரில் போய் உட்கார்ந்து பேசியதால். இது புரியாமல் இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். 2015-ல் பி.எஸ்சி. வேதியியல் முடித்ததும் மாமா சொன்னபடி பதிந்தேன். 'பதிவு மூப்பு ஏறிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் கார்டு வரும்' என்பது, அதாவது நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்பது, எங்கள் வீட்டு நம்பிக்கை. மாமா காலத்தில் அப்படி வேலைக்குப் போனவர்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் அரசு வேலைக்கு ஆள் எடுக்க வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, விளம்பரமும் கொடுத்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று பெரும்பாலான அரசுப் பணிகள் தேர்வு வழியாகத்தான். ஆகவே பதியுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். கார்டு வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

2017-ல் ஒரு சந்தேகம் கேட்க அப்பாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த தொழில்நெறி வழிகாட்டும் அலுவலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு அம்மா. என் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார். 'நேர்மை, கடின உழைப்பு' என்று நான் எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். "இத எல்லாரும் எழுதறாங்க கண்ணு. லேப்ல உன் கையால என்ன செஞ்ச, அதச் சொல்லு" என்றார்.

டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ், கரைசல் தயாரிப்பது என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். ஒவ்வொன்றையும் தாளில் எழுதினார். அரை மணி நேரம் இருக்கும். மூன்று வருடம் படித்ததை அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பிறகு, "பெருந்துறை, திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை ஒவ்வொண்ணுலயும் லேப் இருக்கு. அதுக்குக் கெமிஸ்ட்ரி படிச்ச ஆளுதான் வேணும்" என்றார். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் என் படிப்புக்கு வேலை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏனுங்க மேடம், பொட்டப்புள்ளைய சாயப்பட்டறைக்கு எப்படிங்க அனுப்பறது?" அந்த அம்மா கோபப்படவில்லை. பகல் ஷிப்ட் மட்டும்தானா, கம்பெனி வேன் எந்த ஊர் வரைக்கும் வரும், லேபில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று மூன்று கேள்விகளை எழுதி அப்பா கையில் கொடுத்தார். "நீங்களே கேளுங்க. பதில் பிடிக்கலன்னா கூட்டிட்டு வந்துருங்க."

அடுத்த மாதம் ஒரு தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம். ஒரு கம்பெனி மேசையில் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 5 கிராம் துணிக்கு 1 சதவீத ஷேடு (துணி எடையில் 1 சதவீதம் சாயம்) வேண்டும், 1 சதவீதச் சாயக் கரைசல் எத்தனை மில்லி எடுப்பாய்? கரைசல் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். 5 மில்லி என்றேன். அப்பா அந்தத் தாளை எடுத்து மூன்று கேள்வியையும் கேட்டார். வேன் எங்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நிற்கும் என்றார்கள். தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பாவே சொன்னார். முதல் சம்பளம் 9,500 ரூபாய். இன்றும் லேபில்தான் இருக்கிறேன்.

இப்போது இதே அலுவலகங்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று பெயர். பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம் நடத்துகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. என் தோழி அதில் படித்துத்தான் குரூப் 4 எழுதினாள். தனியார் வேலைக்கு அரசே ஒரு இணையதளம் நடத்துகிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 2022-ல் தொடங்கிய, திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது.

பயிற்சித் திட்டங்களில் சேரும்போது மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: முடித்தவர்களை எங்கே வேலைக்குச் சேர்த்தீர்கள்? கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில், பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேரையாவது வேலையில் சேர்க்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். எல்லாத் திட்டத்திலும் அப்படி இல்லை. கம்பெனியிலேயே வேலை பழகும் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தாலும், முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருட அனுபவம் கையில் இருந்தால் அடுத்த கம்பெனியில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், அரசு முகாமில் வேலைக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது. நான் அந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஒரு கன்சல்டன்சியில் 3,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். அப்பா பால் ஊற்றிச் சேர்த்த காசு அது, இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

ஆலோசனை கேட்க முகாம் நாளில் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது. சாதாரண நாளில் பதினொரு மணி வாக்கில் போங்கள். ஒருவர் துண்டுப் பிரசுரத்தை மட்டும் நீட்டினால் திரும்பி வந்துவிடாமல், தொழில்நெறி வழிகாட்டும் அலுவலர் எப்போது இருப்பார் என்று கேட்டு இன்னொரு நாள் போங்கள். லேபிலோ பட்டறையிலோ கடையிலோ உங்கள் கையால் செய்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தயங்குகிறார்கள் என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.