தங்கம் தேடும் டிடெக்டர் காட்டுக்குப் போனால் மட்டும் கத்துகிறது. பழுதா, பராமரிப்புக் குறையா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். பழைய டிடெக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் புல்தரையில் ஒரு காசைப் போட்டுக் காட்டியபோது ஒழுங்காக வேலை செய்தது. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் தங்கப் பகுதிக்கு நான்கு முறை போய்விட்டீர்கள். அரை மணி நேரம் வீசியதும் சும்மா சும்மா கத்த ஆரம்பிக்கிறது, ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கவா, விற்றுவிடவா என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். ரிப்பேருக்கும் இப்போதே கொடுக்க வேண்டாம். காயிலுக்கு, அதாவது தரைக்கு மேலே வீசும் அந்தத் தட்டுக்கு, அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் கழற்றவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. எந்தக் கடைக்கும் ஆள் பிடிப்பவனும் இல்லை. உங்கள் கருவியின் கம்பெனிப் பெயரைக் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள், அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது எல்லாக் கருவிக்கும் பொருந்தும். ஏழு வருடமாக மெல்பர்னிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை டனாலி, மொலியகல், டார்னகுல்லா பக்கம் போய் வருகிறேன். அதில் முதல் பதினான்கு மாதம் உங்களைப் போலவேதான் போனது. ஆணி, ஈயக் குண்டு, பழைய பூட்ஸின் லாடத்துண்டு என்று தோண்டித் தோண்டிக் கை காய்த்துப் போனதுதான் மிச்சம்.

அந்தப் பதினான்கு மாதத்தின் நடுவில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தார். உள்ளே ஒயரில் சின்னப் பிரச்சினை, சரி செய்துவிட்டேன் என்று 340 டாலர் வாங்கினார். எந்த ஒயர், என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை காட்டில் அதே கத்தல். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் மேஜையில் சுத்தமான காயிலை வைத்துச் சோதித்திருப்பார், மேஜையில் அது கத்தாது. ஆனால் கழற்றிய பாகத்தைக் காட்டாமல் பணம் கேட்கும் யாரிடமும் அதற்குப் பிறகு நான் எதையும் கொடுத்ததில்லை. காரானாலும் சரி, வாஷிங் மெஷினானாலும் சரி.

ஒரு ஏப்ரல் மாதக் காலை. மொலியகல் பக்கம் யூகலிப்டஸ் காட்டுக்குள் ஒரு வறண்ட ஓடை. என் கருவி ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. தூரத்தில் வேறொருவர் தேடிக்கொண்டிருந்தார், எழுபது வயது தாண்டிய பெரியவர். சத்தம் தாங்காமல்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கருவியை வாங்கி, காயிலைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் விளிம்பில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அலறியது. இன்னொரு சுண்டு, மறுபடி அலறியது. தலையை ஆட்டிக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

மரத்தடியில் வைத்து, மூடியின் விளிம்பை ஒரு பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். ஒரே இடத்தில் பலமாக நெம்பினால் மூடி உடையும், சுற்றிச் சுற்றி வர வேண்டும். மூடி 'டப்' என்று விட்டது. உள்ளே இரண்டு மேஜைக்கரண்டி அளவுக்குச் செம்மண். பாதி காய்ந்த தூள், பாதி ஈரத்தில் இறுகிய களிம்பு. அதற்குள் கடுகு அளவில் கருப்பும் பழுப்புமாகக் கற்கள். என் பிக்காசின் தலையில் ஒட்டியிருந்த காந்தத்தை அந்த மண்ணருகே கொண்டுபோனார். கடுகுக் கற்கள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து எழுந்து காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டன. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இவ்வளவு நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கற்களைத்தான்.

விஷயம் இதுதான். தங்கத்துக்கென்று வரும் நல்ல கருவிகளில் பெரும்பாலானவை பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. காயில் ஒரு காந்தத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்பும். துடிப்பை நிறுத்தியதும் அடியில் உலோகம் இருந்தால் அதில் கொஞ்ச நேரம் மின்னோட்டம் சுழன்று அடங்கும். அந்த அடங்கலை எடுத்துத்தான் கருவி நமக்கு ஓசையாகத் தருகிறது. இந்தப் பகுதி மண்ணில் இரும்புக்கல் அதிகம், அதனால் மண்ணும் ஓசை எழுப்பும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும்போது கருவி மண்ணின் ஓசையைக் கற்றுக்கொண்டு கழித்துவிடுகிறது. ஆனால் மூடிக்குள் காயிலை ஒட்டிக் கிடக்கும் இரும்புக்கல் ஒவ்வொரு வீச்சிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். நிலையாக இல்லாத ஒன்றை எப்படிக் கழிப்பது? கருவி தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் கத்தியது. பொறியாளர் யாராவது நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். காட்டில் நிற்பவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்று வாரம் கழித்து அதே ஓடைக்குப் போனேன். மூடியைக் கழுவித் துடைத்து, விளிம்பைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். அடியோசை, அதுதான் எப்போதும் கேட்கும் அந்த மெல்லிய ரீங்காரம், முதல் முறையாகக் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. வெங்கச்சங்கல் சிதறிக் கிடந்த ஓர் இடத்தில் அது லேசாக வளைந்தது. கத்தவில்லை, வளைந்தது, அவ்வளவுதான். குறுக்கே வீசினேன், அங்கேயும் வளைந்தது. மேல்மண்ணை ஒதுக்கினேன், ஓசை போகவில்லை. ஒரு சாண் ஆழத்தில் களிமண்ணுக்கு வந்தபோது நன்றாக எழுந்தது. மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, காயிலுக்கு மேல் காட்டி, பாதியைக் கொட்டி, மீதியைக் காட்டி, மறுபடி பாதியைக் கொட்டிக் கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண். அதற்குள் ஒரு கடலைப்பருப்பு அளவில் மஞ்சள். 1.8 கிராம். அந்த அளவுக்கு அவ்வளவு கனத்தைக் கை எதிர்பார்ப்பதில்லை. தங்கம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு அடர்த்தி என்று பள்ளியில் படித்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதே மொலியகலில்தான் 1869-ல் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் எழுபது கிலோவுக்கு மேலான வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் கட்டியை மரவேருக்கடியில், தரையிலிருந்து சுமார் ஓரங்குலத்தில் கண்டார்கள். 1980-ல் கிங்கோவர் பக்கம் டிடெக்டரால் 27 கிலோக் கட்டி கிடைத்தது. இந்தக் கதைகளைச் சொல்லித்தான் எல்லோரும் கருவி வாங்க வைக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது அரை கிராம், ஒரு கிராம். அந்த அரை கிராமின் ஓசை மிக மெல்லியது, அழுக்குக் காயிலில் அது கேட்கவே கேட்காது. பராமரிப்பு என்றால் கருவியின் ஆயுளுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

சரி, மூடியைச் சுத்தம் செய்த பிறகும் கத்தினால் என்ன செய்வது? மின்கம்பி இல்லாத வெட்டவெளியில் காயிலைத் தூக்கிப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். செல்போனை எடுத்துத் தள்ளி வையுங்கள், முன்னால் இரும்பு வைத்த பூட்ஸையும் கவனியுங்கள். பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டர் வைத்திருந்தால் நன்றாக விலகிப் போங்கள். அப்புறம் கேபிளை மட்டும் மெல்ல ஆட்டுங்கள். ஓசை மாறினால் கோளாறு கேபிளில் அல்லது அதன் முனைச் சொருகியில். கேபிள் தண்டோடு ஒட்டிச் சுற்றி வெல்க்ரோவால் கட்டப்பட்டிருக்க வேண்டும், தொங்கி ஆடினால் அதுவே பொய்ச் சத்தம் தரும். காயிலுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். நான் அங்கே விறைப்பாகக் கட்டி ஒரு கேபிளின் கழுத்தை ஒடித்திருக்கிறேன். ஹெட்ஃபோனையும் மாற்றிப் பாருங்கள், கோளாறு அங்கேயும் இருக்கலாம்.

காயிலைத் தண்டில் மாட்டும் பிளாஸ்டிக் திருகைக் கையால் முறுக்கினால் போதும். ஆடுகிறதே என்று குறடு வைத்து முறுக்கி, காயிலின் காது விரிசல் விட்டு, புதுக் காயில் வாங்கியவரை எனக்குத் தெரியும். தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷராக இருக்கும், சில டாலருக்குக் கிடைக்கும். மண்ணைத் துடைக்க ஈரத்துணியும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். தின்னர், பெட்ரோல் எதுவும் பிளாஸ்டிக்கில் படக்கூடாது. காயில் தண்ணீர் தாங்கும் என்பதற்காக மேலே இருக்கும் பெட்டியும் தாங்கும் என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியை ஜனவரி வெயிலில் காருக்குள் விடக்கூடாது. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் கழற்றி வையுங்கள். நான் செய்யும் இன்னொன்று: ஐஸ் குச்சியின் நுனியில் ஒரு சின்ன ஈயக் குண்டை டேப்பால் ஒட்டிப் பையில் வைத்திருக்கிறேன். ஈயம் ஏறக்குறைய தங்கம் மாதிரியே ஓசை தரும். தேட ஆரம்பிக்கும் முன்பு அதைக் காயிலுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்துவிடுவேன். நேற்றுக் கேட்ட தூரத்தில் இன்று கேட்கவில்லையென்றால் எங்கேயோ கோளாறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தங்கம் தேடப் போகிறேன் என்றால் நம் ஆட்கள் பேராசை என்கிறார்கள். என் தாத்தா கோலார் தங்க வயலில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தவர், குடியாத்தம் பக்கத்திலிருந்து போன குடும்பம். அங்கே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. வெங்கச்சங்கல்லை உடைத்த தூசி நுரையீரலில் படிந்து, கடைசி ஆறு வருடம் படுக்கமுடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ஒரு மோதிரம் அளவுத் தங்கம்கூட அவர் கையில் இருந்ததில்லை. கோலார் என்று சொன்னால் இப்போது எல்லோரும் சினிமாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் என்ன ஆயின என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்த 1.8 கிராமை நான் விற்கவில்லை. தாத்தாவின் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. இதைப் பேராசை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

உங்களிடம் மைனர்ஸ் ரைட், அதாவது தங்கம் தேடுவதற்கான அரசு அனுமதிச் சீட்டு, இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். விக்டோரியாவில் அது இல்லாமல் தேடக்கூடாது, ஒருமுறை எடுத்தால் பத்து வருடம் செல்லும். அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லை, தனியார் நிலத்துக்கு உரிமையாளரைக் கேட்க வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். மூடாமல் போகிறவர்களால்தான் நம் எல்லோர் மேலும் கோபம் வருகிறது.

இந்த வார இறுதியில் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, காந்தத்தை அருகில் பிடித்து, ஒரு படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தது கேபிளா, காயிலா என்று பேசலாம்.