தலைகீழா ஓடுமா கார்?

கேள்வி: போர்ஷே 956 ரேஸ் காரை தலைகீழா கூரையில கூட ஓட்டலாம்னு சொல்றாங்களே, நிஜமா இல்ல சும்மா பில்டப்பா?

பதில்: கணக்குப்படி நிஜம்தான், ஓட்டிப் பாக்கத்தான் ஆள் இல்ல! ஸ்டுட்கார்ட்ல இருக்கிற போர்ஷே மியூசியத்துல ஒரு 956-ஐ தலைகீழாவே மாட்டி வச்சிருக்காங்க, மணிக்கு 321.4 கிமீ போனா கூரையோட ஒட்டிக்கும்ங்கறது அவங்க கணக்கு.

இதுக்கு காரோட பின்பக்கம் இருக்கிற விங் (இறக்கை) மட்டும் காரணம்னு நினைக்காதீங்க, பெரிய வேலை அடிவயித்துலதான். காருக்கு அடியில ரெண்டு பக்கமும் பின்னால போகப்போக மேல ஏறுற சுரங்கம் மாதிரி செஞ்சிருப்பாங்க, தரைக்கும் காருக்கும் நடுவுல நெருக்கி மாட்டுற காத்து வேகமெடுக்கும், வேகம் கூடினா அழுத்தம் குறையும், கார் தரையை நோக்கி இழுபடும். இந்த இழுப்பு காரோட எடையையே மிஞ்சிட்டா, தலைகீழா இருந்தாலும் கூரையோட ஒட்டிக்கும். பைக்ல போறப்ப பக்கத்துல லாரி ஓவர்டேக் பண்ணா அது பக்கமா இழுக்குமே, கிட்டத்தட்ட அதேதான்.

சிக்கல் என்னன்னா, இந்த கார் ஓடின குரூப் சிங்கற ரேஸ் பிரிவோட ரூல்படி காருக்கு அடியில 100-க்கு 80 சென்டிமீட்டர் சமதளமா இருக்கணும், பக்கவாட்டுல காத்தை அடைக்க தரையைத் தொடுற ஸ்கர்ட்டும் (தடுப்பு) கூடாது. போர்ஷேயோட ஆறு சிலிண்டர் எஞ்சின் வேற அகலமா படுத்திருக்கும், அதனால போர்ஷே இன்ஜினியர் நோர்பர்ட் சிங்கரோட டீம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்பக்கம் மேல தூக்கி சாய்ச்சு மாட்டி சுரங்கத்துக்கு இடம் பிடிச்சாங்க, எனக்கு இதுலயே பிடிச்ச மூளை இதுதான்.

1982-ல பிரான்ஸ்ல நடந்த லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல 1, 2, 3-ம் நம்பர் போட்ட 956 கார்கள் அதே வரிசையில வந்து ஜெயிச்சுது, முதல் காரை ஓட்டினது ஜாக்கி இக்ஸும் டெரெக் பெல்லும்.