சர்க்கரையே இல்லாத அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்தது. இப்போது கால் வீங்குகிறது, எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். புதிதாகப் பார்த்த கார்டியாலஜிஸ்ட் டாபாக்லிஃப்ளோசின் எழுதியிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் அது சர்க்கரை மாத்திரை என்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. அந்த டாக்டர் போர்டில் 'டி.எம்., ஹார்ட் ஃபெயிலியர் ஆராய்ச்சி' என்று போட்டிருக்கிறது. அப்பாவை வைத்துச் சோதனை பண்ணுகிறாரோ என்று அம்மா பயப்படுகிறார்.
- வாசகி, ராயபுரம்

பதில்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, பாதிக் கதை. அது சர்க்கரைக்கு வந்த மருந்துதான். 2019-ல் வெளியான டாபா-ஹெச்எஃப் ஆய்வில் பம்பிங் 40-ம் அதற்குக் கீழும் இருந்த 4,744 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் சர்க்கரை இல்லாதவர்கள். இதய நோயால் இறப்பதும், ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைவது, முற்றுவதும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது; சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அதே பலன். சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் கிடந்தால் டாக்டரைக் கேட்டு இடையில் நிறுத்த வேண்டியிருக்கும்.

இதில் மருத்துவர்களே தலைகீழாக மாறியிருக்கிறோம். பலவீனமான இதயத்துக்கு, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கூடவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் பாடம். 1999-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு அதைக் கொடுக்காமல் விடுவதுதான் தப்பு என்றாகிவிட்டது.

கார்டியாலஜியில் டி.எம். என்பது எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து, மேலும் மூன்று வருஷம் இதயத்தை மட்டும் படிப்பது. சீட்டில் இருக்கும் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் சரிபார்க்கலாம். அப்பாவை ஆய்வில் சேர்ப்பதென்றால் தமிழில் விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அப்படி எதிலும் கையெழுத்துப் போடாமல், சீட்டைக் காட்டிக் கடையில் வாங்குகிறீர்கள் என்றால் இது சாதாரண வைத்தியம்தான்.

பம்பிங் 30 என்றதும் மீதி 70 போய்விட்டது என்று அழாதீர்கள். நல்ல இதயமே ஒரு துடிப்பில், நிறைந்த ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும்.

எனக்குக் கவலை கருவாட்டில்தான். காசிமேட்டுக்காரரிடம் அதை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மறுநாள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உப்புதான் காரணம்; ஊறுகாய், அப்பளமும் அதே கணக்கு. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, டீ குடிக்கும் முன் எடை பார்த்து காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் அன்றைக்கே 108, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று: வலை இழுத்த இடுப்பு வலிக்குப் படகில் டைக்ளோஃபெனாக் வைத்திருப்பார்கள். அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். அப்பா பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.