நரிக்கு .17 ரெமிங்டன் சரிப்படுமா?

ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை பார்க்கும் உங்கள் மச்சான், நரி சுட .17 ரெமிங்டன் (மிகச் சிறிய குண்டு போடும் துப்பாக்கி ரகம்) வாங்கித் தோட்டாவையும் தானே நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (நம் சேலத்தில் அந்த நினைப்பே வேண்டாம், வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்தாலே வனத்துறை அபராதம் போடுகிறது.)

1971இல் வந்த ரகம். 25 கிரெய்ன் (சுமார் 1.6 கிராம்) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 4,000 அடி வேகத்தில் பறக்கும், உதைப்பே தெரியாது. நிரப்புவதுதான் தலைவலி. சாதாரணப் புனல் வைத்தால் வெடிமருந்து தோட்டாக் கூட்டின் கழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். அதற்கென்று மெல்லிய புனல் வேண்டும். சிறிய கூடு என்பதால் மருந்து அரை கிரெய்ன் கூடினாலே அழுத்தம் எகிறும். குழலும் சீக்கிரம் அழுக்கேறும். கூடு கிடைக்காவிட்டால் இதைவிடப் பெரிய குண்டு போடும் .223 ரகத்தின் கூட்டைச் சுருக்கிச் செய்யலாம், பொறுமை இருந்தால். இல்லையா? பேசாமல் .223 வாங்கச் சொல்லுங்கள், தோட்டா கடையிலேயே கிடைக்கும்.