ஸ்விஃப்டுக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? முதலில் அந்த ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 2015 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஜப்பான் ‘ஹாஃப் கட்’டில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் பழைய கார்) இருந்து எடுத்த டர்போவை ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மாட்டித் தருகிறேன், பவர் இரண்டு மடங்காகும், ஆர்சி பிரச்சினையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓர் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவரோ டர்போவில் லேக் வரும், சூப்பர்சார்ஜர்தான் சரி என்கிறார். 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. எது நல்லது என்பது கேள்வி.

தம்பி, இரண்டும் நல்ல பொருள்கள்தான், ஆனால் உங்கள் காருக்கு இரண்டும் வேண்டாம்.

வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பம்ப். காற்று அதிகம் போனால் அதற்கேற்ற பெட்ரோலும் அதிகம் எரியும், பவர் கூடும். பம்பை யார் சுற்றுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டர்போவைச் சுற்றுவது சைலன்சர் பக்கம் வெளியேறுகிற சூடான புகை. வீணாய்ப் போகிற சக்தியைப் பயன்படுத்துவதால் மைலேஜ் பெரிதாக அடிபடாது, ஆனால் புகை சேர்ந்து வேகம் பிடிக்கும் வரை ஒரு கணம் காத்திருக்க வேண்டும், அதுதான் உங்கள் நண்பர் சொல்லும் லேக். சூப்பர்சார்ஜரை கிராங்கிலிருந்து, அதாவது பிஸ்டன்கள் சுற்றும் இன்ஜின் தண்டிலிருந்து, வரும் பெல்ட் சுற்றுகிறது. காலை வைத்ததும் இழுக்கும், ஆனால் தன்னைச் சுற்றவே இன்ஜினிடம் பவரைப் பிடுங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் டாட்ஜ் ஹெல்கேட் 707 குதிரைசக்தி கார். அதன் சூப்பர்சார்ஜரை முழு வேகத்தில் சுற்ற மட்டும் சுமார் 80 குதிரைசக்தி போகிறது. உங்கள் ஸ்விஃப்ட்டின் மொத்த பவரே ஏறக்குறைய அவ்வளவுதான். 6.2 லிட்டர் வி8 இன்ஜின் அந்தச் செலவைத் தாங்கும், 1.2 லிட்டர் தாங்காது. அதனால்தான் சின்ன இன்ஜின் என்றால் கம்பெனிகள் பெரும்பாலும் டர்போ பக்கம் போய்விட்டன.

சரி, அப்படியானால் டர்போவே போடலாமே என்பீர்கள். பிரச்சினை பிஸ்டனில் இருக்கிறது. உங்கள் இன்ஜின் டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, உள்ளே வருகிற காற்றை ஏற்கெனவே நன்றாக இறுக்கித்தான் எரிக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பங்கு காற்றைக் கூடுதலாகத் திணிக்கிறீர்கள், அதுவும் சூடான காற்று. பிளக் பொறி விட்டுத் தீ முழுதாகப் பரவுவதற்குள் ஒரு மூலையில் பெட்ரோல் தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டினாற்போல் சத்தம் வரும், அதுதான் நாக்கிங். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான கம்பெனி இசியூவில் பூஸ்டுக்கான கணக்கே கிடையாது, அது என்ன செய்யும் பாவம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஹேட்ச்பேக் என் ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி வண்டியில் வந்தது. வேறோர் இடத்தில் இதே மாதிரி கிட் போட்டது, மூன்று வாரம் ஓடியிருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள், திருப்பினால் மினுக்குகிறது. அது கரி இல்லை, பிஸ்டன் அலுமினியம். ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் விளிம்பில் நகக்கண் அளவு துண்டு உடைந்து போயிருந்தது. அந்தப் பையன் பக்கத்தில் நின்று, ‘ஏஜென்ட் ஃபோன் எடுக்க மாட்டேங்கிறார் சார்’ என்றான்.

‘ஹாஃப் கட்’ டர்போ என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் சுற்று சுற்றும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துதான் சுற்றுகிறது. பழைய டர்போவை யாராவது கையில் கொடுத்தால் தண்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் அது பழைய இரும்பு. காற்று இழுக்கும் பக்கத்துச் சக்கரத்தின் இதழ் ஓரங்களை விரல் நுனியால் தடவுங்கள், பல் பல்லாகத் தட்டுப்பட்டால் ஏதோ குப்பையை விழுங்கியிருக்கிறது. பெயர்த்தகட்டில் எண்ணைத் தேய்த்து அழித்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுவருவதுதான் இவர்கள் வேலை. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ‘எலக்ட்ரிக் டர்போ’ இன்னொரு ஏமாற்று. அது ஒரு ஃபேன், அவ்வளவே.

அப்புறம் ஆர்சி. ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் என்ன பார்ப்பார்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், கிளைம் கைக்கு வராமல் போக அது ஒன்றே போதும். எனக்கு இதில் கோபம் வருவது வேறு காரணத்துக்கு. சிஎன்ஜி கிட் போட்டால் ஆர்டிஓவில் ஏற்ற வழி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை டியூவி போன்ற அமைப்பிடம் காட்டிச் சோதித்து, சரியாக இருந்தால் காகிதத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே ஒழுங்காகச் செய்கிறவனுக்கும் கதவு இல்லை, அதனால் எல்லாரும் ஏஜென்ட்டின் கொல்லைப்புறக் கதவில் போய் நிற்கிறார்கள். சோதித்துச் சான்று கொடுக்க ஓர் இடத்தைத் திறந்தால் பாதி ஏஜென்ட்டுகள் காணாமல் போவார்கள், வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி ரோட்டுக்கே வராது, ட்ராக்கில் மட்டும்தான் ஓடும் என்றால். ‘வாரக் கடைசியில் ட்ராக், திங்கள்கிழமை ஆஃபீஸ்’ என்பது இந்தக் கணக்கில் வராது. வண்டி ட்ரெய்லரில் ஏறித்தான் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டும். பந்தயத்தில் இறங்குவதாக இருந்தால் எந்தப் பிரிவு, அதில் பூஸ்ட் அனுமதி உண்டா என்று இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகளைப் படித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். படிக்காமல் வண்டி கட்டிவிட்டு, பந்தயத்துக்கு முன் நடக்கும் சோதனையான ஸ்க்ரூட்டினியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றைக் குறைவாக இறுக்கும், அடித்து உருவாக்கிய உறுதியான ஃபோர்ஜ்டு பிஸ்டன், கனெக்டிங் ராட், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், தனி இசியூ, கிளட்ச், இத்தனையும் போட்டு, பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி, ட்யூனிங் செய்பவர் அரை நாள் உட்கார வேண்டும். டர்போவின் விலை இதில் ஒரு சின்னப் பங்கு. ஒன்றேமுக்கால் லட்சத்தில் இதில் பாதிகூட வராது. உங்கள் வழக்கமான இன்ஷூரன்ஸ் ட்ராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, ஸ்விஃப்ட்டை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, இந்த ஒன்றேமுக்கால் லட்சத்தையும் சேர்த்துப் போட்டு, கம்பெனியே டர்போ வைத்த பழைய கார் ஒன்றைத் தேடுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. அதுவும் 1.2 லிட்டர்தான், ஆனால் 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 1,500 சுற்றிலேயே கிடைக்கும். லேக் பற்றி நண்பர் பயமுறுத்துவதை அதில் ஒருமுறை ஏறி ஓட்டிப் பாருங்கள், பயம் போய்விடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள். பலேனோ ஆர்எஸ் கிடைத்தால் அதையும் பாருங்கள், ஒரு லிட்டர் டர்போ, மேனுவல் கியர், ஊருக்கு ஊர் சர்வீஸ் உண்டு. ஊட்டிக்கு ஏறும்போது வித்தியாசம் தெரியும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து ஸ்விஃப்ட் மூச்சு வாங்கும் இடத்தில் டர்போ கார் ஏறக்குறைய கீழே இருந்த மாதிரியே இழுக்கும்.

அட்வான்ஸ் விஷயம். ஃபோனில் பேசாதீர்கள். வேலை வேண்டாம், 20,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள் என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், ஜிபே ரசீதின் ஸ்க்ரீன்ஷாட்டையும் கூடவே போடுங்கள். பதில் இல்லையென்றால் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதியுங்கள். பாதி வேலை முடிந்துவிட்டது, வண்டியைக் கொண்டு வா என்று கூப்பிடுவார், சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.