மேல்பல் சந்து விட்டால் முதலில் ஈறைப் பாருங்கள்

அக்கா, 46 வயதில் கீழ்ப்பற்கள் நெருக்கியடிக்கின்றன, மேல் முன்பற்களில் புதிதாகச் சந்து விழுகிறது, யாங்கோனில் கம்பி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கீழே நெருங்குவது வயது ஏற ஏறப் பலருக்கும் வருவதுதான். அதற்காக ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை மேல்சந்துதான். ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்தால், நாக்கின் சின்ன அழுத்தமே பல்லை முன்னே தள்ளிவிடும். துலக்கும்போது ரத்தம் கசிகிறதா, விரல் வைத்தால் பல் ஆடுகிறதா? கூன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) போடுபவர் என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், புகையிலை சேர்ந்தது ஈறை இன்னும் கெடுக்கும்.

முதலில் எக்ஸ்ரே, ஈறுச் சுத்தம், சர்க்கரைப் பரிசோதனை. ஈறு ஆறுமுன் கம்பி போட்டால் இருக்கிற எலும்பும் கரையக்கூடும். அப்புறம் போடுங்கள், கழற்றியபின் பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை இரவில் போடாமல் விடவே கூடாது.