சீதன வீட்டை மறைத்து லண்டனில் முதல் வீடு வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்திலேயே நான்கு மாடிப் பழைய கவுன்சில் கட்டடத்தில் ஒரு ஃபிளாட்டை 320,000 பவுண்டுக்குப் பேசி முடித்திருக்கிறோம். அதில் குடியிருந்தவரே 1996 இல் கவுன்சிலிடமிருந்து வாங்கியது, 125 வருட லீஸ், 2121 வரை இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். இங்கே எங்களுக்கு இதுதான் முதல் வீடு. ஆனால் கல்யாணத்தின்போது அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சீதனமாக என் பெயரில் எழுதித் தந்தார். "அதையெல்லாம் இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், வேறு வீடு இல்லை என்று போடுங்கள்" என்கிறார்கள் உறவுக்காரர்கள். போடலாமா? லீஸின் முதல் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். படிக்கட்டுச் சுவரில் கூரை வேலை பற்றிய கவுன்சில் அறிவிப்பு ஒன்றையும் பார்த்தேன்.

பதில்: தங்கச்சி, போடாதீர்கள். இங்கே முதல் வீடு வாங்குபவர் என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு என்று பொருள் இல்லை. உலகத்தில் எந்த மூலையிலும், காசு கொடுத்தோ சீதனமாகவோ முதுசமாகவோ, ஒரு வீட்டிலோ அதன் பங்கிலோ இதற்கு முன் உரிமை பெற்றிருக்கக் கூடாது. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே அப்படி இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் சீதன உறுதி ஒன்றே, முதல் வீடு வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டியில் (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) கிடைக்கும் சலுகையை இருவருக்கும் இல்லாமல் செய்துவிடும்.

காசாகச் சொல்கிறேன். சலுகை கிடைத்தால் 320,000 பவுண்டு வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி 1,000 பவுண்டு. சலுகை இல்லாமல் சாதாரணக் கணக்கில் 6,000. யாழ்ப்பாண வீட்டில் உங்கள் உரிமையின் பெறுமதி 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், அதாவது இப்போதைய மாற்று விகிதத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேலே போனால், இரண்டாவது வீடு என்று முழு விலைக்கும் இன்னும் 5 வீதம் சேரும், ஆக மொத்தம் 22,000. இந்தத் தொகையைப் பார்த்துத்தான் உறவுக்காரர் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிப் படிவத்தைச் சொலிசிட்டர் அனுப்பினாலும் அது சரி என்று உறுதி சொல்வது நீங்கள், தெரிந்தே பொய் சொன்னால் வரித்துறை 20 வருடம் பின்னோக்கிப் போய் வரியும் வட்டியும் அபராதமும் கேட்கலாம். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிற வயதில் அந்தக் கடிதம் வந்தால் எப்படி இருக்கும்?

"அப்படியென்றால் கணவர் பெயரில் மட்டும் வாங்குகிறோம்" என்பது அடுத்த கேள்வியாக வரும், எல்லோரும் கேட்பதுதான். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை அந்த 5 வீத விஷயத்தில் ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள், அதனால் யாழ்ப்பாண வீடு 40,000 தாண்டினால் பெயரை மாற்றிப் பயன் இல்லை. அதற்குக் குறைவென்றால் அவர் தனியாக வாங்கி 1,000 மட்டும் கட்ட வழி இருக்கிறது, ஆனால் வீடு உண்மையிலேயே அவருடையதாக மட்டும் இருக்க வேண்டும். டெபாசிட்டில் பாதி உங்கள் சம்பளத்தில் சேர்த்தது, பாதி வீடு என்னுடையது என்று உங்களுக்குள் பேச்சும் இருந்தால் அது காகிதத்தில் பெயரை மட்டும் எடுத்த கதை, வரித்துறை பார்ப்பது உரிமை யாருக்கு என்பதை. 5,000 பவுண்டை மிச்சம் பிடிக்க ஒரு பெண் தன் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

சீதன வீட்டைத் தம்பிக்கோ தங்கைக்கோ எழுதிக் கொடுத்தால்? இந்த ஃபிளாட் உங்கள் கைக்கு வரும் நாளுக்கு முன் கொடுத்தால் 22,000 என்பது 6,000 ஆகும், 1,000 ஆகாது, ஏனென்றால் ஒருமுறை உரிமையாக இருந்தவர் இருந்தவர்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி அது உங்கள் தனிச் சொத்து, இருந்தாலும் எழுதிக் கொடுக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உறுதியில் அப்பா அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் கணக்கே மாறக்கூடும். உறுதியைப் பார்க்காமல் யாரும், நான் உட்பட, உங்களுக்கு முடிவான தொகை சொல்ல முடியாது.

சரி, இப்போது லீஸ், அதாவது ஃபிளாட்டை இத்தனை வருடத்துக்கு வைத்திருக்கலாம் என்று கவுன்சில் எழுதிக் கொடுத்த உரிமை. நீங்கள் அனுப்பிய மூன்றாம் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தேதி 1996 தான், ஆனால் காலம் என்ற இடத்தில் "25 மார்ச் 1982 முதல் 125 வருடம்" என்று இருக்கிறது. ஏஜென்ட் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, கட்டடத்தில் முதலில் விற்ற ஃபிளாட்டின் லீஸ் முடியும் நாளிலேயே பிறகு விற்பவையும் முடியும்படி எழுத கவுன்சிலுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் லீஸ் 2107 இல் முடிகிறது, 14 வருடம் குறைவு. அதைவிட முக்கியம், 2027 மார்ச்சில் அது 80 வருடத்துக்குக் கீழே இறங்கும். 80 க்குக் கீழே போனால் லீஸை நீட்டும்போது வீட்டின் மதிப்பு உயர்வில் பாதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், சில வங்கிகளும் தயங்கும். 2024 இல் வந்த சட்டம் அந்தப் பாதியை நீக்குகிறது, ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அதை நம்பி வாங்காதீர்கள். லீஸை நீட்ட, வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. அதனால் நீட்டும் செலவை ஒரு சர்வேயரிடம் கேட்டு அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விற்பவரையே நீட்டித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கூரை அறிவிப்பு. ஒரு ஃபிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை என்றால் கவுன்சில் முன்கூட்டியே லீஸ்காரர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும், ஆகவே விற்பவர் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கும். கூரைக்கு ஒரு பங்கே பல ஆயிரம் ஆகலாம், பில் வரும் நாளில் லீஸ் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் கவுன்சில் கேட்கும். கடிதத்தின் நகல், மதிப்பீட்டுத் தொகை, கடந்த மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கணக்கு மூன்றையும் உங்கள் சொலிசிட்டர் வாங்கட்டும், மதிப்பிட்ட தொகையை விற்பவரின் பணத்திலிருந்து பிடித்துச் சொலிசிட்டர் கணக்கில் வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதட்டும். பில் வந்ததும் அதிலிருந்து கட்டலாம்.

மற்றவை சுருக்கமாக. கவுன்சில் வீட்டை வாங்கியவர் 5 வருடத்துக்குள் விற்றால் கவுன்சில் விலையில் கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கட்டுவது, 10 வருடத்துக்குள் என்றால் முதலில் கவுன்சிலுக்குக் கொடுக்க முன்வருவது, இரண்டும் 1996 இல் வாங்கிய இவரைத் தொடாது. இணைத்த பக்கங்களில் வரைபடம் இல்லை. கீழே சைக்கிள் அறையும் உங்களுக்கென்று சொல்லியிருந்தால் அது வரைபடத்தில் உங்கள் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருபவர், உங்களுக்கென்று ஒரு சர்வே செய்யுங்கள்.

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொண்ட பிறகு பின்வாங்கினால் 10 வீத டெபாசிட் போய்விடும், அதனால் கூரை வேலை பற்றிய கவுன்சில் பதில் கையில் வரும்வரை அந்தப் பரிமாற்றத்துக்குத் தேதி குறிக்கச் சம்மதிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது சொல்லி சீதன உறுதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படம் எடுத்து இந்த வாரமே அனுப்பச் செய்யுங்கள், அந்த வீட்டுக்கு இப்போது என்ன விலை போகும் என்று ஒரு மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள்.